பிள்ளையோடு கதைக்கிறீர்களா?

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு முன்பள்ளியில் ஒன்பது வருடங்களாகக் கற்பிக்கிறேன். பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "ரீச்சர், எப்ப எழுதப் பழக்குவியள்?" தன் பிள்ளை வகுப்பில் கதைக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. வாயால் சொல்லத் தெரியாத சொல்லைக் கொப்பியில் எழுதி என்ன செய்வது?

போன தை மாதம் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு மூன்றரை வயது. தண்ணீர் வேண்டுமென்றால் என் சேலையைப் பிடித்து இழுப்பாள். சொல் வராது. தாயை அழைத்துக் கதைத்தேன். இறுதி யுத்தத்தின்போது அவருக்குப் பதினொரு வயது. "பங்கருக்குள்ள சத்தம் போடாதை எண்டு கேட்டுத்தான் ரீச்சர் நாங்கள் வளர்ந்தனாங்கள். பிள்ளையோட என்னத்தைக் கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். வீட்டில் பிள்ளை நாள்முழுக்கக் கேட்கும் சொற்களை இருவருமாக எண்ணிப் பார்த்தோம். வா, இரு, சாப்பிடு, படு. மிச்ச நேரமெல்லாம் போன்.

போனும் கதைக்கிறதுதானே என்பீர்கள். கதைக்கும், ஆனால் பிள்ளை சொன்னதற்கு மறுமொழி சொல்லாது. கைக்குழந்தை 'ங்கா' என்றால் நாமும் குனிந்து 'ங்கா' என்கிறோம். அது மறுபடியும் சொல்கிறது. பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளை எதைப் பார்க்கிறதோ, எதைச் சுட்டிக் காட்டுகிறதோ அதன் பெயரை அந்த நேரமே யாராவது சொல்லவேண்டும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது பெரிய விடயமல்ல. பட்ட கதையைச் சொல்லத் தேவையில்லை, கையில் இருக்கும் வேலையைச் சொல்லுங்கள் என்றேன். "அம்மா தேங்காய் திருவுறன். பார், வெள்ளையா விழுது. உனக்கும் கொஞ்சம் வேணுமோ?" கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். வகுப்பில் நானே அவசரப்பட்டுப் பதிலையும் சொல்லிவிடுவதுண்டு. பிள்ளை மாட்டைக் காட்டி "மா போ" என்றால், "வடிவாச் சொல்லு" என்று அதட்டவேண்டாம். "ஓம், மாடு போகுது. பெரிய மாடு" என்று முழுதாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

மனம் சோர்ந்து வாய் திறக்க ஏலாத நாட்கள் தாய்க்கும் வரும். அது அவருடைய குற்றமல்ல. அன்றைக்கு அம்மம்மா ஒரு நொடி போடட்டும், பக்கத்து வீட்டு அக்கா வந்து கதைக்கட்டும். அந்தச் சோர்வு நாட்கணக்கில் நீடித்தால் தாய்க்கும் வைத்திய உதவி வேண்டும்.

ஒரு வயதளவில் ஓரிரு சொல்லும், இரண்டு வயதளவில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்த்தும் வரவேண்டும். வராவிட்டால், "தேப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். முதலில் காதைப் பார்ப்பிக்க வேண்டும். அடிக்கடி தடிமன் வரும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்பது மங்கிப்போகலாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்கும் இது இருக்கலாம்.

இந்தப் பிள்ளைக்குக் காதில் பிரச்சினை இல்லை என்றார்கள். ஆடி மாதம் ஒருநாள் வழமைபோல என் சேலையை இழுத்தாள். "ரீச்சர், கோழி குஞ்சு."

"ஓ, உங்கட கோழி குஞ்சு பொரிச்சதோ? எத்தினை குஞ்சு?"

காத்திருந்தேன். பத்தும் கடந்து பதினான்கு எண்ணிவிட்டேன்.

"நிறைய" என்றாள்.