காரின் பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

பல ஆண்டுகள் வெயிலில் நின்று வெளிறிப்போன சிவப்புக் கார் ஒன்றைக் கழுவும்போது கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் பட்டதும் அதன் பானெட் புதுக் கார்போல் அடர்சிவப்பாக மின்னும். ஈரம் காய்ந்ததும் பழைய மங்கல் திரும்பிவிடும். தண்ணீருக்கு நிறம் கிடையாது. பின் இந்த மாயம் எப்படி நிகழ்கிறது?

படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? வழவழப்பான பரப்பில் விழும் இணைகதிர்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்புகின்றன. அந்தத் திசை தவிர மற்றத் திசைகளிலிருந்து பார்த்தால், பெயிண்டின் நிறம் கலப்பில்லாமல் தெரிகிறது. ஆனால் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள், நிறத்துகள்களைப் பிணைத்து நிற்கும் பிசினை நாளடைவில் சிதைத்துவிடுகின்றன. மேற்பரப்பு மேடுபள்ளமாகிறது. விரலால் தடவினால் தூள்கூட ஒட்டும். அத்தகைய பரப்பு வெள்ளொளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. சிவப்போடு வெண்மை கலப்பதால் பெயிண்டு வெளிறித் தோன்றுகிறது.

தண்ணீர் இந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. பெயிண்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. காற்றிலிருந்து பெயிண்டின்மேல் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்புகிறது. தண்ணீரிலிருந்து விழுந்தாலோ 0.4 சதவீதம்தான் திரும்பும். எனவே மேடுபள்ளங்கள் ஒளிக்குத் தெரியாமல் போகின்றன எனலாம். மேலேயுள்ள நீர்ப்பரப்போ கண்ணாடிபோல் சமமாக இருக்கிறது.

தண்ணீர் பள்ளத்தை நிரப்புகிறது. பாலீஷ் மேட்டை வெட்டுகிறது. ரப்பிங் காம்பவுண்டில் அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்துகள்கள் உள்ளன. முதலில் சற்றுப் பருமனான துகள்கள், பிறகு மேலும் நுண்ணிய துகள்கள் என்று தேய்த்துக்கொண்டே போனால், எஞ்சும் கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது சுமார் அரை மைக்ரானைவிடச் சிறியனவாகிவிடும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அப்போது பளபளப்புப் பிறக்கிறது. ஆக, மெருகிடுவது என்பது பூசுவது அன்று, தேய்த்து எடுப்பது!

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இக்காலக் கார்களில் நிறப்பூச்சின் மேல் நிறமற்ற காப்புப்பூச்சு ஒன்று உண்டு. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்தக் கையிருப்பு குறைகிறது. அது திரும்ப வளராது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய காரின் பானெட்டை நானே தேய்த்தேன். மினுக்கம் கூடக்கூட ஆசையும் கூடியது. விளிம்பில் இன்னும் நாலு தேய்ப்புத் தேய்த்தபோது சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அது அடியிலிருந்த பிரைமர்! விளிம்பில் துணி தொடும் பரப்பு குறைவு. ஆகவே அதே விசைக்கு அழுத்தம் அதிகம். இந்தச் சூத்திரத்தை வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியவன் நான். அந்தப் பானெட்டுக்கு மறுபடி பெயிண்டு அடிக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் செய்ய விரும்புவோர், காரை நிழலில் நிறுத்தி, உலோகம் ஆறிய பின் தொடங்க வேண்டும். தாராளமாகத் தண்ணீர் ஊற்றிப் புழுதியை முதலில் ஓடவிட வேண்டும். புழுதியில் உள்ள மணல் பெரும்பாலும் குவார்ட்சு. மோ அளவுகோலில் அதன் கடினம் 7. அதன்மேல் உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். பிறகு வெள்ளைத் துணியில் காம்பவுண்டு தொட்டு, மறைவான ஓரிடத்தில் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் காரின் நிறம் ஏறினால் மேலே காப்புப்பூச்சு இல்லை என்று பொருள். விளிம்புகளைத் தொடாமல், மங்கல் நீங்கியவுடன் நிறுத்திவிட வேண்டும்.

கடைசியாக மெழுகை மெல்லியதாகப் பூச வேண்டும். பிரேசில் நாட்டுக் கார்னௌபாப் பனையின் இலையிலிருந்து கிடைக்கும் மெழுகு 80° செல்சியசுக்கு மேல்தான் உருகும். மெழுகு பெயிண்டைத் தின்பதில்லை. தானே தேய்ந்து பெயிண்டைக் காக்கிறது. ஆகவே மெழுகை அடிக்கடி பூசலாம். காம்பவுண்டை அரிதாகவே தொட வேண்டும்.

மாணவர்களே, தேய்ந்த கருங்கல் ஒன்றின் பாதியில் மட்டும் தண்ணீர் தடவிப் பாருங்கள். இரு பாதிகளின் நிறமும் ஏன் வேறுபடுகிறது என்பதை இனி நீங்களே விளக்கிவிடலாம்.