அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

எல்லை தாண்டி ஒரு வீடு – 6

சென்ற வாரம், வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே சென்னையில் வாடகை வீடு வாங்குகிறவர்களைப் பற்றிப் பார்த்தோம். அவர்கள் தூரத்தில் இருந்தாலும் வாங்குவது தெரிந்த ஊரில், தெரிந்த மொழியில் எழுதிய பத்திரத்தோடு. பக்கத்து மாநிலத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களின் பாடு வேறு. அதைப் பேச செங்கத்தை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

சவ்வாது மலையின் அடிவாரத்தில், செய்யாற்றை ஒட்டிய ஊர் செங்கம். திருவண்ணாமலையில் கிளம்பும் பெங்களூரு பேருந்துகள் இந்த வழியாகத்தான் சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போகின்றன. தீபாவளி, பொங்கல் முடிந்த மறுநாள் அந்த வண்டிகளில் கால் வைக்க இடம் இருக்காது. கட்டட வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய் பெங்களூரிலேயே தங்கிவிட்டவர்கள் இந்தப் பக்கத்துப் பல குடும்பங்களில் உண்டு. பல வருடம் வாடகை கொடுத்த பிறகு ஒரு நாள் வீட்டில் பேச்சு எழுகிறது: “வாடகைக்கே இவ்வளவு போகுதே, நாமளே அங்க ஒண்ணு வாங்கி வாடகைக்கு விட்டா என்ன?” நியாயமான கேள்விதான். வாங்கக்கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கே, எப்படித் தொடங்குவது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

வெளிமாநிலத்தில் முதல் வாடகை வீட்டை, நீங்களோ உங்கள் சொந்தக்காரரோ குடித்தனம் இருந்து பழகிய பேட்டையில்தான் வாங்க வேண்டும். சொத்து விளம்பரத்தில் வராத விஷயமெல்லாம் குடித்தனக்காரருக்குத் தெரியும். 2024 மார்ச்சில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது எந்தத் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது, எந்த அடுக்ககம் முழுக்க லாரித் தண்ணீரை நம்பியிருந்தது என்பது அங்கே குடியிருந்தவருக்கு மறக்காது. அந்த மாதம் மாவட்ட நிர்வாகமே டேங்கர் விலையை நிர்ணயிக்க வேண்டியிருந்தது. 12,000 லிட்டர் லாரிக்கு 5 கிலோமீட்டர் தூரம் வரை 1,000 ரூபாய், 10 கிலோமீட்டர் வரை 1,200 ரூபாய். லாரித் தண்ணீரில் ஓடும் கட்டடத்தில் கோடைக்குக் கோடை பராமரிப்புத் தொகை ஏறும், குடியிருப்பவர் வேறு வீடு தேடுவார். அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, மாநகராட்சியோடு பின்னாளில் சேர்ந்த 110 கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுக்க வழி பிறந்தது. நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு அந்த இணைப்பு வந்துவிட்டதா என்பது, தரை டைல்ஸா கிரானைட்டா என்பதைவிட முக்கியமான கேள்வி. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில் எந்த ஸ்டேஷனுக்கு நடந்து போக முடிகிறது, எதற்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதும் அங்கே இருப்பவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

சங்ககாலத் தலைவன் நன்னனின் ஊராகச் செங்கத்தைச் சொல்லும் மலைபடுகடாம் ஓர் ஆற்றுப்படை. போய் வந்தவர், போகப் போகிறவருக்கு வழியில் உள்ள நல்லதையும் ஆபத்தையும் எடுத்துச் சொல்லும் வகை நூல் அது. இந்த மண்ணுக்கு அந்தப் பழக்கம் புதிதல்ல. விசாரிக்க வேண்டியது புரோக்கரை அல்ல, ஆறு வருடம் ஹொங்கசந்திராவிலோ சந்தாபுரத்திலோ குடியிருந்த சித்தப்பா மகனை.

அடுத்தது பத்திரம். செங்கத்துக்காரருக்கு நிலம் வாங்கத் தெரியும். பட்டா, சிட்டா, அடங்கல் பார்ப்பார், வில்லங்கம் போடுவார், மூலப் பத்திரம் கேட்பார். எல்லையோர ஜூஜுவாடியைத் தாண்டி, கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் கால் வைத்ததும் இந்தப் பெயர்களெல்லாம் மாறிவிடுகின்றன. வில்லங்கச் சான்று அங்கேயும் உண்டு. ஆனால் பட்டாவைத் தேடினால் கிடைக்காது. விவசாய நிலத்துக்குப் பஹணி, நகரத்து வீட்டுக்குக் காத்தா, பஞ்சாயத்துப் பகுதியில் படிவம் 9, படிவம் 11. காத்தாவிலும் ஏ, பி என்று இரண்டு உண்டு. அனுமதியெல்லாம் முறையாக இருப்பது ஏ. குறை இருந்தும் வரி வசூலுக்காகப் பதிவேட்டில் ஏற்றி வைத்தது பி. விலை ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டால், பெரும்பாலும் பதில் அந்த ஓர் எழுத்தில் இருக்கும். 2024 அக்டோபர் முதல் மின்காத்தா இல்லாமல் பெங்களூரில் பத்திரம் பதிய முடியாது. பி காத்தாவைச் சீர்செய்ய அரசு அவ்வப்போது வழி திறக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த நம்பிக்கையில் பணத்தைப் போடும் தைரியம் உள்ளூர்க்காரருக்கு இருக்கட்டும், எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு வேண்டாம்.

அதைவிட ஆழமான குழி ஒன்று உண்டு. அத்திப்பள்ளியை அடுத்த ஆனேக்கல் பக்கம் மலிவு விலையில் வரும் மனைகளில், ஒரு காலத்தில் அரசு பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு மானியமாகக் கொடுத்த நிலமும் கலந்திருக்கக்கூடும். கர்நாடகத்தின் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் முன்அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட நிலத்தை விற்றால் விற்பனை செல்லாது. கை மாறிக் கை மாறி நான்காவது ஆளிடம் நீங்கள் வாங்கியிருந்தாலும் நிலம் திரும்பப் போகும். வெகுகாலம் கழித்துக் கேட்டால் செல்லாது என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்த நிலையில், 2023இல் சட்டத்தைத் திருத்தி, திரும்பக் கேட்பதற்குக் கால வரம்பு இல்லை என்று ஆக்கினார்கள். நம் ஊரில் பஞ்சமி நிலம் என்றால் என்ன என்று தெரிந்தவர் யாருக்கும் இந்தச் சட்டத்தின் நியாயம் புரியும். அந்த நிலம் அந்த மக்களுடையது, வாங்கவே கூடாது. அதைக் கண்டுபிடிக்க 30 வருட வில்லங்கம் மட்டும் போதாது. முதன்முதலில் யாருக்கு, என்ன நிபந்தனையில் அரசு அந்த சர்வே எண்ணைக் கொடுத்தது என்று தாலுகா அலுவலகப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். பதிவேடு கன்னடத்தில் இருக்கும். ஆகவே விற்பவரோ புரோக்கரோ காட்டுகிற வக்கீல் வேண்டாம். ஆனேக்கல் நீதிமன்றத்தில் தொழில் செய்கிற, கன்னடம் படிக்கத் தெரிந்த ஒரு வக்கீலுக்கு நீங்களே பணம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

அடுக்கக வீடு என்றால் குடியேற்றச் சான்று, அதாவது ஓ.சி., கையில் இருக்க வேண்டும். ஓ.சி. இல்லாத கட்டடத்துக்கு மின்சாரமும் தண்ணீரும் கொடுக்கக்கூடாது என்று 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், கட்டி முடித்த எத்தனையோ வீடுகள் கர்நாடகத்தில் கரண்ட் இல்லாமல் நின்றன. சிறு மனை வீடுகளுக்கு மாநில அரசு பிறகு விலக்குக் கொடுத்தது. நீங்கள் வாங்குவது அந்த விலக்குக்குள் வருமா என்பதை வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும். வெறும் பவர் பத்திரத்தில் விற்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். அப்படி விற்பது உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது.

இனி கணக்கு. 40 லட்ச ரூபாய்க்கு ஒரு இரண்டு படுக்கையறை வீடு, மாதம் 12,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000 ரூபாய், போட்ட பணத்தில் 3.6 சதவீதம். எட்டு லட்சம் கையிலிருந்து போட்டு, மீதி 32 லட்சத்தை எட்டரை சதவீத வட்டியில் 20 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 27,770 ரூபாய். வாடகை போக மாதம் 15,770 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். பராமரிப்பு, சொத்து வரி, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் தனி. “வாடகையே தவணையைக் கட்டிடும்” என்று சொல்லி விற்கிறவர் இந்த எண்களைப் பேப்பரில் எழுதிக் காட்டமாட்டார். வரியில் மிச்சமாகும் என்பதும் பாதி உண்மை. வாடகையில் 30 சதவீதக் கழிவு யாருக்கும் உண்டு, கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் வட்டி வாடகையைத் தாண்டி வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிப்பது பழைய வரி முறையில்தான் நடக்கும், அதுவும் ஆண்டுக்கு 2 லட்சம் வரை. புதிய முறையில் இருப்பவருக்கு அது இல்லை. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதத்திலிருந்து இரண்டாகிவிட்டது.

அப்படியானால் எதற்காக வாங்குவது? சொத்தின் மதிப்பு உயரும் என்ற எதிர்பார்ப்பில்தான். அந்த எதிர்பார்ப்பு தப்பல்ல. மாதம் பதினைந்தாயிரத்தைப் பல வருடம் தாங்கும் வருமானம் உள்ளவருக்கு அது பொருந்தும். செங்கத்தில் தண்ணீர் வசதியுள்ள இரண்டு ஏக்கரை விற்று அத்திப்பள்ளியில் வீடு வாங்க நினைப்பவரிடம் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். மணிலாவும் நெல்லும் போட்ட நிலத்தைப் பிறகு அந்த விலைக்குத் திரும்ப வாங்க முடியாது.

வீடு வாங்கியாகிவிட்டது, யார் பார்த்துக்கொள்வது? தூரத்து வீட்டுக்காரருக்கு வரும் பெரிய ஆபத்து இங்கேதான். பெங்களூரில் மாத வாடகையோடு, லீஸ் என்ற ஏற்பாடும் பரவலாக உண்டு. நம் பக்கத்துப் போக்கியம் மாதிரிதான். ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பார்கள், காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். இதில் புகுந்த மோசடி எப்படி என்றால், ஒரு நிறுவனம் உங்களிடம் வரும். “வீட்டை எங்ககிட்ட விட்டுடுங்க சார், மாசா மாசம் வாடகை உங்க அக்கவுண்டுக்கு வந்துடும், நீங்க ஊரிலேயே நிம்மதியா இருங்க” என்பார்கள். அதே வீட்டை வேறொரு குடும்பத்துக்குப் பெரும் தொகைக்கு லீஸுக்கு விடுவார்கள். சில மாதம் உங்களுக்கு வாடகை ஒழுங்காக வரும், பிறகு நின்றுவிடும். நீங்கள் போய்க் கதவைத் தட்டினால், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு உள்ளே இருக்கும் குடும்பம் ஒன்று உங்களைத் திகைத்துப் பார்க்கும். அவர்களை வெளியேற்றவும் மனசு வராது, வீட்டை விடவும் முடியாது. இப்படிப்பட்ட புகார்கள் பெங்களூரு போலீஸில் தொடர்ந்து பதிவாகின்றன. தூரத்தில் இருப்பவர்தான் இந்த வலையில் முதலில் விழுகிறார், ஏனென்றால் வீட்டில் யார் இருக்கிறார் என்று அவர் நேரில் பார்ப்பதில்லை.

ஆகவே குடியிருப்பவரோடு ஒப்பந்தம் நேரடியாக உங்கள் பெயரில் இருக்கட்டும். வாடகை அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வரட்டும். மேற்பார்வைக்கு ஒருவரை வைத்தால் அவருக்குச் சம்பளம் கொடுங்கள், வாடகை வாங்கும் அதிகாரம் கொடுக்காதீர்கள். குடியேறுகிற அன்று நீங்களே போய் ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுங்கள். குழாய், கீசர், கதவுப் பூட்டு, மின் மீட்டரின் எண், அதில் அன்றைக்கு ஓடியிருக்கும் யூனிட், எல்லாம் தெரியட்டும். கர்நாடகத்தில் கிருஹ ஜோதி திட்டப்படி மாதம் 200 யூனிட் வரை இலவசம். வாடகைக்கு இருப்பவர் அதற்கு மீட்டரின் ஆர்.ஆர். எண்ணைத் தன் ஆதாரோடு இணைத்திருப்பார். காலி செய்யும்போது அந்த இணைப்பை நீக்கச் சொல்லாவிட்டால், அடுத்து வருபவர் உங்களுக்குத்தான் போன் போடுவார்.

அட்வான்ஸ் விஷயம் இன்னொன்று. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகையைத்தான் முன்பணமாகச் சொல்கிறது. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் நெடுநாள் வழக்கம். அந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தவணையில் கரைத்துவிட்டு, அவர் காலி செய்யும்போது செங்கத்தில் நகையை அடகு வைக்க ஓடுகிற நிலை வரக்கூடாது. அது உங்கள் பணமல்ல, வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள்.

தகராறு வந்தால் வழக்கை வீடு இருக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் போட முடியும், செங்கத்திலோ திருவண்ணாமலையிலோ முடியாது. கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைக்குப் பொருந்தாது. இன்றைய வீடுகளில் ஏறக்குறைய எல்லாமே அதற்கு மேல்தான். அதனால் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் நீங்கள் எழுதிய ஒப்பந்தமும்தான் கையில் இருக்கும். ஒப்பந்தத்தில் எழுதாத இடத்தில் அந்தச் சட்டத்தின் பொது விதி மட்டுமே துணை.

இதையெல்லாம் படித்துத் தயங்குகிறவருக்கு ஒரு வழி இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூர். சிப்காட் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றி வளரும் ஆலைகளும் வாடகைக்கு ஆள் தருகின்றன, எலக்ட்ரானிக் சிட்டிக்கு அங்கிருந்தே தினமும் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். பத்திரம் தமிழில், பட்டா நமக்குத் தெரிந்த பட்டா. தகராறு வந்தால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து பொதுவாக ஒன்பது சதவீதம் என்பதால் தொடக்கச் செலவு கூடுதல்தான். ஆனாலும் சொந்த மாநிலத்தில் இரண்டு குடித்தனக்காரரைப் பார்த்து, ஒரு வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்து மறுபடி வாடகைக்கு விட்டுப் பழகிய பிறகு அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போனால், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம்: பெங்களூரில் இருக்கும் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுப்பது எப்படி, எதையெல்லாம் அதில் எழுதக்கூடாது.

(தொடரும்)