சும்மா இருப்பவர்கள்: கூலி, ஓய்வு, மறுப்பு

'நூறுநாள் வேலைன்னு ஒண்ணு வந்துது, வயலுக்கு ஆள் வர்றதே நின்னுபோச்சு. கூலிய ஏத்திக் குடுத்தா, நாலு நாள் வேலைக்கு வர்றவன் ரெண்டு நாளோட நிறுத்திக்கறான்.' தமிழகக் கிராமத்து டீக்கடைகளில் பல வருஷமாகப் புழங்கிவரும் பேச்சு இது. முற்போக்கு பேசும் நண்பர்கள் சிலரின் வாயிலிருந்தும் வருகிறது. வெறும் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதற்குள் ஒரு பொருளாதாரக் கோட்பாடு இருக்கிறது. அதற்கும் அடியில் ஓர் அதிகார உறவு இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கோட்பாடு. நாளுக்கு 24 மணி நேரம். அதில் கூலிக்கு விற்றது போக மீதி அனைத்தையும் பொருளியல் பாடநூல்கள் 'ஓய்வு' என்கின்றன. மணிக்கு 50 ரூபாய் கூலி என்றால், ஒரு மணி நேரம் ஓய்ந்திருப்பதன் விலையும் 50 ரூபாய். கூலி 75 ஆனால் ஓய்வின் விலையும் 75. விலை ஏறிய பண்டத்தைக் குறைத்துக்கொள்வதுதானே வழக்கம்? ஆகவே ஆள் கூடுதல் நேரம் உழைப்பார். இது பதிலீட்டு விளைவு. ஆனால் அதே கூலி உயர்வு எதிர்த்திசையிலும் இழுக்கிறது. எட்டு மணி நேரம் உழைத்து 400 ரூபாய் வாங்கியவருக்கு இப்போது ஐந்தரை மணி நேரத்திலேயே அது கிடைத்துவிடுகிறது. கை சற்றுத் தளர்ந்ததால் ஓய்வையும் கொஞ்சம் கூட எடுத்துக்கொள்கிறார். இது வருமான விளைவு. இரண்டில் எது ஓங்கும் என்பதைக் கோட்பாடு முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டாவது ஓங்கும் இடத்தில் உழைப்பு அளிப்புக் கோடு மேலேறிப் பின்னோக்கி வளையும் என்று மட்டும் சொல்கிறது.

மாக்ஸ் வேபர் 1904-05இல் வெளியிட்ட 'புரொட்டஸ்டன்ட் அறம்' பற்றிய ஆய்வில் இதற்கு ஓர் அறுவடைக் கணக்குத் தருகிறார். ஓர் அலகு நிலம் அறுக்க ஒரு மார்க் கூலி. ஒருவர் நாளுக்கு இரண்டரை அலகு அறுத்து இரண்டரை மார்க் வாங்குகிறார். அறுப்பு சீக்கிரம் முடியட்டும் என்று முதலாளி கூலியை 1.25 மார்க்காக ஏற்றுகிறார். ஆள் மூன்று அலகு அறுத்து 3.75 மார்க் வாங்குவார் என்று எதிர்பார்த்தால், அவரோ இரண்டு அலகோடு அரிவாளை வைத்துவிடுகிறார். அதே இரண்டரை மார்க் வந்துவிட்டது, போதும். வேபர் இந்த மனநிலைக்கு வைத்த பெயர் 'மரபுவாதம்'. முதலாளியம் முதலில் உடைக்கவேண்டியிருந்த சுவர் இது என்கிறார்.

இதே நடத்தையைப் பார்த்தவர்கள் எல்லோரும் வேபரைப்போல நிதானமாக எழுதவில்லை. உழைக்கும் வர்க்கத்தை ஏழையாகவே வைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் உழைக்கமாட்டார்கள் என்று ஆர்தர் யங் 1771இலேயே இங்கிலாந்தில் எழுதிவிட்டார். நம் டீக்கடைப் பேச்சின் மூதாதை இவர்.

இந்தப் பேச்சில் நம்மவர்களின் கதையும் கலந்திருக்கிறது. 1830களில் பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, மொரீஷியஸில் விடுதலைபெற்றவர்களில் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகினார்கள். கைக்கெட்டிய துண்டு நிலத்தில் பயிரிட்டுப் பிழைக்கவே விரும்பினார்கள். தோட்ட முதலாளிகள் அவர்களைச் சோம்பேறிகள் என்றார்கள். கூலியை ஏற்றி அழைப்பதற்குப் பதில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அதில் தமிழர்களும் இருந்தார்கள். ஒப்பந்தத்தை மீறி வேலைக்கு வராவிட்டால் சிறை. 'ஆள் கிடைக்கவில்லை' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் 'இந்தக் கூலிக்கு' என்ற இரண்டு சொற்கள் எப்போதும் விழுங்கப்பட்டுவிடுகின்றன.

இனி 'ஓய்வு' என்ற சொல்லுக்கு வருவோம். கோட்பாட்டின் பெரிய ஓட்டை இங்கேதான். கூலிக்கு விற்காத நேரமெல்லாம் ஓய்வு என்றால் தண்ணீர் பிடிப்பது, சுள்ளி பொறுக்குவது, சோறாக்குவது, கிழடுகளைப் பார்த்துக்கொள்வது எல்லாமே ஓய்வுதான். தமிழில் இதற்குச் 'சும்மா' என்று ஒரு சொல் இருக்கிறது. ஞானி சும்மா இருந்தால் அது முக்திநிலை. பெண்டாட்டி 'வீட்ல சும்மாதான் இருக்கா' என்றால் அது கணக்கில் வராத உழைப்பு. கூலியாள் சும்மா இருந்தால் அது குற்றம். ஒரே சொல்லுக்கு ஆள் பார்த்துப் பொருள் மாறுகிறது. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். பாடநூல் வரைபடத்தில் இந்த ஐந்து மணி நேரமும் ஓய்வின் பக்கமே விழும்.

இந்த வெளிச்சத்தில் நூறுநாள் வேலையைப் பாருங்கள். 2005இல் சட்டமாகி, 2006இல் தொடங்கி, 2008இல் நாட்டின் எல்லாக் கிராமப்புற மாவட்டங்களுக்கும் வந்தது. நூறு நாள் என்பது குடும்பத்துக்கு, ஆளுக்கல்ல. அதிலும் நாடு தழுவிய சராசரி 50 நாளை ஒட்டியே நின்றது. வருஷத்தில் 50 நாள் வேலை ஒரு குடும்பத்தை எப்படிச் சோம்பேறியாக்கும்? தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வயல்வேலையில் அப்படி இல்லை. அவர்கள் வேலையை விட்டு ஓய்வுக்குப் போகவில்லை. ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போனார்கள். ஏரிக்கரையில் மண் வெட்டும்போது 'ஏய், வாடி' என்று சாதியைச் சொல்லிக் கூப்பிட வரப்பில் ஆள் நிற்பதில்லை. வீட்டு வாசலில் வந்து 'நாளைக்கு நடவு, வந்துரு' என்றால், 'இல்லீங்க, முடியாது' என்று சொல்ல முதன்முறையாக ஒரு பிடிமானம் கிடைத்தது. கூலி உயர்வோ மாற்று வேலையோ உழைப்பாளிக்கு முதலில் வாங்கித்தருவது இந்த மறுப்பைத்தான். ஓய்வு அதற்கப்புறம். சோம்பேறிப் பட்டத்துக்குப் பின்னாலிருக்கும் ஆத்திரமும் மறுப்பின் மீதானதுதான்.

சிறு விவசாயியின் கஷ்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு நெல்லின் விலை கட்டுப்படியாகாதபோது கூலியை ஏற்றமுடியாது. ஆனால் நெல்லுக்கு விலை வைப்பது நடவுக்காரி அல்ல. சந்தையிடமும் அரசிடமும் கேட்கவேண்டிய கணக்கை, கேட்க எளிதான ஆளிடம் கேட்கிறார்கள். சாதி அதை இன்னும் எளிதாக்குகிறது.

டீக்கடைப் பேச்சு டீக்கடையோடு நிற்பதில்லை என்பதே நாம் கவலைப்படவேண்டியது. 2025 டிசம்பரில் நூறுநாள் வேலைச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், நாட்களை 125 ஆக உயர்த்தியது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழிசெய்தது. கூலியாளின் பேரம் வலுவாக இருக்கும் நாட்கள் அவைதான். ஆலைப் பக்கமும் இதே போக்கு. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பிறகு, அவ்வருஷ மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அப்போது சரியாக 100 வருஷம்.

வேபரின் அறுவடையாள் 'போதும்' என்ற முடிவைத் தானே எடுத்தார். அவருக்கு எவ்வளவு போதும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதே கேள்வி. அடுத்தமுறை ஒருவர் 'ஆளே கிடைக்கல' என்று ஆரம்பித்தால், 'என்ன கூலிக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து வேறு திசையில் போகும்.