கூலியில்லாமல் கல்யாணப் படம் எடுக்கும் நம் பிள்ளைகள்



சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு பிள்ளை வந்தான். பட்டப்படிப்பு முடித்தவன். தோளில் கேமரா பை. கடன் கேட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து, வட்டியில்லாக் கடனுக்கான விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டினோம். "கடன் வேண்டாம் பாய், ஒரு நியாயம் சொல்லுங்க" என்றான்.

கல்யாண போட்டோகிராபர் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. முதலில் சில கல்யாணங்களைச் சும்மா எடுத்துக் கொடு, கை பழகும், பெயர் பரவும், பிறகு காசு தானாக வரும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவனும் ஏற்காட்டிலும் சேலத்திலுமாகப் பன்னிரண்டு கல்யாணங்களைக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டான். பதின்மூன்றாவது வீட்டில் 8000 ரூபாய் கேட்டிருக்கிறான். "உன் மாமா வீட்டுக்குச் சும்மாதானே எடுத்தே, எங்களுக்கு மட்டும் ஏன் காசு?" என்று கேட்டுவிட்டார்கள். சரி, சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை கேட்போம் என்று இறங்கிப் போனான். எடுத்த படங்களைக் காட்டு என்றார்கள். காட்டுவதற்கு அவனிடம் என்ன இருந்தது? மேடைப் பூ அலங்காரம், பிரியாணி தேக்சா, மாப்பிள்ளையின் செருப்பு. மற்ற எதையும் வெளியே காட்டக்கூடாது என்று பன்னிரண்டு வீட்டாரும் சொல்லியிருந்தார்கள்.

இவன் ஒருவனின் கதை மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டோம். விசாரித்தபோது நம் மஹல்லாவிலேயே இன்னும் சில பிள்ளைகள் இதே நிலையில் இருப்பது தெரிந்தது.

மற்ற இடங்களில் இந்தச் 'சும்மா' எப்படி நடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வருபவர் ஒன்றிரண்டு கல்யாணங்களைக் காசில்லாமல் எடுக்கிறார். அந்தப் படங்களில் நல்லதைப் பொறுக்கி ஆல்பம் போடுகிறார், இன்ஸ்டாகிராமில் ஏற்றுகிறார். அதைப் பார்த்து அடுத்த வீட்டார் அழைக்கிறார்கள். அதாவது, காசுக்குப் பதிலாக அவர் வாங்கிக்கொள்வது படங்களைக் காட்டும் உரிமை. அதுதான் அவருடைய கூலி. நம் வீடுகளில் பெண்களின் படம் வெளியே போவதை விரும்புவதில்லை. அது நம் ஹயா சம்பந்தப்பட்டது. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காசும் கொடுக்காமல், காட்டவும் விடாமல் இருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு வேளைச் சாப்பாடு மட்டும்தான். (படம் எடுப்பதே கூடுமா கூடாதா என்ற மசாலாவை உலமாக்களிடம் விட்டுவிடுகிறோம். நம் கல்யாணங்களில் கேமரா வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அதைப் பிடித்திருக்கும் கையைப் பற்றித்தான் பேசுகிறோம்.)

மதரஸாவில் இஜாரா பாடம் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவரை வேலைக்கு அமர்த்தினால் வேலை இன்னதென்றும் தெரிந்திருக்க வேண்டும், கூலி இன்னதென்றும் தெரிந்திருக்க வேண்டும். "பார்த்துச் செய்கிறோம்" என்ற ஒற்றை வார்த்தையில் எத்தனை பேருடைய உழைப்பை நாம் வாங்கியிருக்கிறோம்! முழு மனதோடு ஒருவர் அன்பளிப்பாகச் செய்தால் அது ஹிபா, அதற்கு நன்மை உண்டு. கேட்க வெட்கப்பட்டுச் சும்மா செய்தால் அதை அன்பளிப்பு என்று எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில் எங்கள் மீதும் குற்றம் இருக்கிறது. டிரஸ்ட் சார்பில் ஏழைப் பெண்களின் நிக்காஹ் நடத்தும்போது, "நன்மையான காரியம், வந்து எடுத்துக் கொடு தம்பி" என்று இதே பிள்ளைகளைத்தான் அழைத்தோம். சமையல்காரருக்குக் கூலி கொடுத்தோம். பந்தல்காரருக்குக் கொடுத்தோம். மைக் செட்டுக்கும் கொடுத்தோம். கேமரா பிடித்த பிள்ளைக்கு துஆ செய்து அனுப்பிவைத்தோம். அவன் கையில் பழுப்பு நிறத்தில் ஒன்றும் ஒட்டவில்லை, சட்டையில் மசாலா வாடை வரவில்லை என்பதால் அது உழைப்பாகவே நம் கண்ணுக்குப் படவில்லை போலும்.

அது எவ்வளவு உழைப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். காலை நிக்காஹ், மதியம் சாப்பாடு, மாலை வரவேற்பு என்று ஒரு நாள் முழுவதும் நின்றால் 1500 படங்கள் சேர்ந்துவிடும். ஒரு படத்தைப் பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று பிரித்து, வெளிச்சம் திருத்த ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 1500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். நின்ற நாள் தனி. பெட்ரோல், மெமரி கார்டு, பேட்டரி எல்லாம் அவன் கைக்காசு. முன்பு 36 படம் கொண்ட பிலிம் ரோல் இருந்த காலத்தில் ரோலுக்கும் கழுவிப் பிரிண்ட் போடவும் ஆன செலவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதனால் யாரும் சும்மா எடுத்துத் தரச் சொல்லவில்லை. டிஜிட்டல் வந்த பிறகு செலவே இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

இனி, படம் எடுக்க அழைக்கும் வீட்டார் கவனிக்க வேண்டியது. சும்மா வந்தால் லாபம் என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25-இன்படி, பிரதிபலன் இல்லாத உடன்பாடு சில விதிவிலக்குகள் தவிரச் செல்லாது. நாளை காலை வருகிறேன் என்று சொன்ன பிள்ளை வராமல் போனால், 'பேசியபடி வரவில்லை' என்று கேட்க நமக்குப் பிடிமானம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 'சேவை' என்பதற்குப் பொருள் சொல்லும்போதே இலவசமாகச் செய்யப்படும் சேவையை விலக்கிவிடுகிறது. காசு கொடுத்த போட்டோகிராபர் ஆல்பம் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சும்மா எடுத்தவர்மேல் போக முடியாது.

மூன்றாவது விஷயம்தான் நம் வீடுகளுக்கு மிக முக்கியமானது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்கு மதிப்புள்ள பிரதிபலன் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எந்தப் பிரதிபலனும் இல்லாமல் எடுத்தால்? படம் எடுத்தவரே உரிமையாளர். தன் மகளின் நிக்காஹ் படம் வெளியே போய்விடக்கூடாது என்று கவலைப்படும் அதே தகப்பனார், 8000 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய், அந்தப் படங்களின் பதிப்புரிமையை அறியாமலேயே இன்னொருவர் கையில் விட்டுவிடுகிறார். நம் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், வாக்கு மீற மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் வாக்கை மட்டும் நம்பாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்றுதானே கடன் விஷயத்திலேயே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கை பழகாமல் தனியாக ஒரு கல்யாணத்தை ஏற்றுக்கொள்வது, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஆபத்தான காரியம். ஈஜாப், கபூல் சொல்லி, தஃப்தரில் கையெழுத்துப் போடுவது சில நிமிடத்தில் முடிந்துவிடும். மறுபடி ஒருமுறை சொல்லுங்கள் ஹஜ்ரத் என்று கேட்க முடியாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் உறவினர் வீட்டு நிக்காஹ்வில் ஒரே ஒரு மெமரி கார்டோடு வந்த பிள்ளையின் கார்டு கெட்டுப்போய், ஒரு படம்கூட மிஞ்சவில்லை. பெண்ணின் பாட்டியார் அதற்குப் பிறகு இரண்டு மாதம்தான் ஹயாத்தோடு இருந்தார். அவர் பேத்தியின் தலையில் கை வைத்து துஆ செய்த அந்தக் காட்சி எங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. சும்மா வந்தவனை என்னவென்று திட்டுவது என்று அந்த வீட்டார் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளையோ வெட்கத்தில் பல மாதம் எங்கள் கண்ணில் படவில்லை.

ஆகவே நாங்கள் சொல்வது, பழகும் காலத்தைத் தனிக் கேமராவாகச் சும்மா கழிக்காமல், அனுபவம் உள்ள ஒருவருக்குப் பின்னால் இரண்டாவது கேமராவாகக் கழியுங்கள். சேலத்தில் ஸ்டூடியோக்களுக்குக் குறைவில்லை. முதல் சில கல்யாணங்களுக்கு லைட் பிடிக்கச் சொல்வார்கள், பை தூக்கச் சொல்வார்கள். தூக்குங்கள். மேடையில் யாரை எந்த வரிசையில் நிறுத்துவது, கூட்டத்தை முகம் சுளிக்க வைக்காமல் எப்படி விலக்குவது என்பதெல்லாம் யூடியூபில் கற்றுக்கொள்ள முடியாது. உங்கள் படம் பிழையானாலும் முதல் கேமரா இருக்கிறது. வீட்டாருக்கு நஷ்டம் இல்லை. அங்கேயும் பேச்சு தெளிவாக இருக்கட்டும்: எத்தனை கல்யாணம் வரை கற்றுக்கொள்ளும் காலம், அதற்குப் பிறகு நாள் கூலி எவ்வளவு, போக்குவரத்து யாருடைய செலவு. கணக்கில்லாமல் வருடக்கணக்கில் தூக்க வைக்கும் இடம் என்றால் ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

நம் மலைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. மணமக்களை அழைத்துக்கொண்டு சமவெளியிலிருந்து படம் எடுக்க வருபவர்கள் ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு இடம் தெரியாது. பக்கோடா பாயின்டில் எத்தனை மணிக்கு வெளிச்சம் நன்றாக விழும், எந்த எஸ்டேட்டில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், மஞ்சக்குட்டைப் பக்கம் மூடுபனி எப்போது இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வழிகாட்டியாகவும் உதவியாளராகவும் சேர்ந்து போகலாம்; அதற்குக் கூலி கேட்கலாம். பனியில் எடுக்கும் பாடமும் அங்கேயே கிடைக்கும். கேமராவின் மீட்டர் வெள்ளைப் பனியைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் போல ஏற்றி வைக்க வேண்டும். இன்னொன்று, மலைக் குளிரில் இருந்த லென்ஸை 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலத்து மண்டபத்தில் உடனே திறந்தால் கண்ணாடி முழுவதும் ஆவி படியும். பையை மூடியபடி அரை மணி நேரமாவது வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைக்காவிட்டால் நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்கள் பகுதியில் படம் எடுக்க ஒரு பெண் கிடைக்க மாட்டாரா என்று கேட்காத வீடு இல்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு மகளை அனுப்பத் தயங்குகிறோம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா 1913-இல் பிறந்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவரின் பெயரில்தான் வெளிவந்தன. 2011-இல் பத்ம விபூஷண் வாங்கும் அளவுக்கு அவர் பெயர் தனியாக நின்றது. நம் பெண்களுக்குக் கூடுதலாக ஒரு சாதகம் உண்டு: இந்த வேலைக்கு ஆண்கள் போட்டிக்கு வர முடியாது. தேவை இவ்வளவு இருக்கும்போது அவர்கள் ஒரு கல்யாணத்தைக்கூடச் சும்மா எடுக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

அப்படியும் ஒரு பிள்ளை ஒன்றிரண்டு கல்யாணங்களைக் காசில்லாமல் எடுத்துத் தர விரும்பினால், அரைப் பக்கத் தாள் ஒன்று போதும். சட்டத்தில் பிரதிபலன் என்பது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே அவன் எதைக் காட்டிக்கொள்ளலாம் என்பதை அதில் எழுதலாம்: மேடை, மருதாணிக் கை, மஹர் பை, மாப்பிள்ளை, சம்மதித்த ஆண்கள், முகம் தெரியாத காட்சிகள். பெண்களின் படங்களை ஒப்படைத்த பிறகு எத்தனை நாளில் தன்னிடம் உள்ள நகலை அழிக்க வேண்டும், படங்களின் பதிப்புரிமை யாருக்கு, பயணச் செலவு யாருக்கு, இரண்டு கார்டில் பதிவு உண்டா, என்று கொடுப்பான் என்பதும் இருக்கட்டும். கடைசியில் ஒரு வரி மறக்காமல் வேண்டும்: வழக்கமான கட்டணம் இவ்வளவு, இந்த ஒரு முறை மட்டும் வாங்கவில்லை. அந்தத் தொகை எழுத்தில் இருந்தால் பதின்மூன்றாவது வீட்டார் "மாமா வீட்டுக்குச் சும்மாதானே" என்று கேட்க மாட்டார்கள்.

டிரஸ்ட் நடத்தும் நிக்காஹ்களில் இனி படம் எடுப்பவருக்கும் சமையல்காரரைப் போலவே முன்கூட்டிப் பேசிக் கூலி கொடுப்பது என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். பெண்கள் பகுதிக்குப் பெண் பிள்ளைகளையே அழைப்போம். மேலே சொன்ன பிள்ளை இப்போது சேலத்தில் ஒருவருக்கு இரண்டாவது கேமராவாகப் போய்வருகிறான். நாள் கூலி பேசிக்கொண்டுதான் போனான். தாளின் மாதிரி நகலை அவனே உட்கார்ந்து எங்களோடு எழுதினான். வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். கையெழுத்துப் போட வீட்டாரும் பிள்ளையும் சேர்ந்து வந்தால் நல்லது.