வண்டிக்குக் கூடுதல் எல்.இ.டி. விளக்கு: வாங்குமுன் எடை போட்டுப் பாருங்கள்

ராஜா அண்ணாமலைபுரம், மந்தைவெளிப் பகுதிகளில் கடை வைத்திருக்கும் நம் அன்பர்களில் பலர் விடியற்காலை மூன்றரை மணிக்கே வண்டியை எடுத்துவிடுகிறார்கள். ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர், கோடம்பாக்கம், வடபழனி என்று போய் 100 அடி சாலையில் ஏறினால்தான் கோயம்பேடு. 1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து சந்தை அங்கே மாறிய நாள் முதல் இதுதான் நம் கொள்முதல் வழி. போகும்போது காலி வண்டி. திரும்பும்போது முன்னும் பின்னும் மூட்டைகள். மெட்ரோ ரயில் வேலைக்காக மறித்திருக்கும் இடங்களில் நேற்று இருந்த பாதை இன்று இருப்பதில்லை. பழைய வண்டியின் மங்கிய வெளிச்சத்தில் பள்ளம் கண்ணுக்குத் தெரியும்போது முன்சக்கரம் அதில் இறங்கியிருக்கும். மூட்டை சரிந்தால் அன்றைய லாபம் போயிற்று. ஆள் விழுந்தால் கடையே மூடிக் கிடக்கும்.

ஆகவே, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எல்.இ.டி. துணை விளக்குகளை வாங்கிப் பூட்டலாமா என்று அன்பர்கள் கேட்கிறார்கள். பூட்டலாம், ஆனால் விளக்கின் விலை மட்டுமே செலவு என்று எண்ணக்கூடாது. நாமும் முன்பு ஹாரன் ஒயரைக் கீறி இரண்டு விளக்குகளை இணைத்து, ஒரே மாதத்தில் ஒயர் கருகி, மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள்தாம். அந்த அனுபவத்தையும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

அட்டையில் எழுதியதை நம்பாதீர்கள்

பழைய ஹாலஜன் பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடிக்கிறது. எல்.இ.டி. அதே ஒரு வாட்டுக்குப் பல மடங்கு வெளிச்சம் தருகிறது. நீல எல்.இ.டி. கண்டுபிடிக்கப்பட்ட பிறகே வெள்ளை வெளிச்சம் சாத்தியமாயிற்று. அதற்காக ஜப்பானில் பிறந்த மூன்று அறிஞர்களுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தப் பொருள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் தட்டில் குவிந்து கிடக்கிறது.

குவிந்து கிடப்பதில் நல்லதும் உண்டு, பதரும் உண்டு. அட்டையில் 100 வாட் என்று இருக்கும். உள்ளே 10 வாட்கூட இராது. ஐம்பது கிலோ என்று எழுதிய மூட்டையை நாம் தராசில் ஏற்றாமல் இறக்குகிறோமா? விளக்குக்கும் தராசு உண்டு. அதுதான் மல்டிமீட்டர். ரிச்சி தெருவில் மலிவாகவே கிடைக்கும். 12 வோல்ட் பாட்டரியில் விளக்கை எரியவிட்டு, எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பாருங்கள். ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட். அரை ஆம்பியர்தான் ஓடுகிறது என்றால் அது 6 வாட் விளக்கு. அட்டை என்ன சொன்னாலும் சரி.

இன்னும் இரண்டு பாருங்கள். பின்புறம் அலுமினிய வரிகளோடு கனமாக இருக்கவேண்டும். சூடு வெளியேற வழியில்லாத விளக்கு சீக்கிரம் மங்கிவிடும். மூடியைச் சுற்றி ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

பாட்டரியின் வரவு செலவு

சிறிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-மணி பாட்டரிதான் இருக்கிறது. 20 வாட் விளக்கு இரண்டு பூட்டினால் மொத்தம் 40 வாட். 12-ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர். எஞ்சின் ஓடாமல் இவை எரிந்தால் 3 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். தவிர, 2017 ஏப்ரல் முதல் வந்த புது வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. அந்தச் செலவு ஏற்கெனவே கணக்கில் உண்டு.

வரவு போதுமா என்று அறிய ஒரு வழி: எல்லா விளக்குகளையும் போட்டு, எஞ்சினை ஓட்ட வேகத்தில் வைத்து, பாட்டரி முனைகளில் வோல்ட் அளந்து பாருங்கள். 13-க்கு மேல் நின்றால் வரவு இருக்கிறது. 12.5-க்குக் கீழ் இறங்கினால் கைமுதலைத் தின்கிறீர்கள் என்று பொருள். சிறிய விளக்காக மாற்றுங்கள். நம் தேவைக்கு 10 வாட் விளக்கு இரண்டு தாராளம். பாட்டரியே இல்லாத பழைய மொபெட்டில் இந்த விளக்குகளைப் பூட்டாதீர்கள். அந்த மின்சாரம் ஏறி இறங்குவது, எல்.இ.டி. மினுக்கி விரைவில் செத்துவிடும்.

பூட்டும் முறை

ஹாரன் ஒயரையோ முகப்பு விளக்கு ஒயரையோ கீறி இணைக்கவே கூடாது. அவை கூடுதல் சுமைக்காகப் போட்டவை அல்ல. பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தனி ஒயர் வரவேண்டும். அந்த முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்கவேண்டும். மேலே சொன்ன 40 வாட்டுக்கு 5 ஆம்பியர் போதும். ஃபியூஸ் போனால் சில ரூபாய்; ஃபியூஸ் இல்லாமல் ஒயர் பற்றினால் பெட்ரோல் டாங்க் அடியிலேயே நெருப்பு.

அடுத்து, நான்கு முனை ரிலே. 30-ஆம் எண் முனைக்கு ஃபியூஸிலிருந்து வரும் ஒயர், 87-இலிருந்து விளக்குகளுக்கு. 86-க்கு, சாவி திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக இணைப்பு, 85-இலிருந்து நெகட்டிவ்வுக்கு. இப்படிச் செய்தால் சாவியை எடுத்தவுடன் விளக்கு தானே அணையும். கடை வாசலில் நிறுத்திய வண்டியில் பாட்டரி இறங்காது. ஹாண்டில் இருபுறமும் முழுதாகத் திரும்பும்போது ஒயர் இழுபடக்கூடாது; சைலன்சர் பக்கம் போகக்கூடாது. விளக்கை மட்கார்டு தகட்டில் அல்ல, கிராஷ் கார்டு கம்பியில் பூட்டுங்கள்.

எதிரே வருபவரும் ஒரு வணிகர்தான்

பலரும் தவறுவது இங்கேதான். காலி வண்டியில் வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு, பின்னால் மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தாழும். வெளிச்சம் மேலே தூக்கும். எதிரே வருபவர் கண் கூசிப்போகும். ஆகவே மூட்டைகளை ஏற்றி, ஆள் உட்கார்ந்தபிறகே சரிபார்க்கவேண்டும். கடையின் ஷட்டருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். விளக்கு இருக்கும் உயரத்தை ஷட்டரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். வெளிச்சத்தின் நடுப்பகுதி அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் 8 மீட்டர் தூரத்தில் இருப்பவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்கவேண்டும் என்றே சொல்கின்றன. முன்புறம் சிவப்பு விளக்குக்கு அனுமதி இல்லை. தெருவிளக்கு உள்ள சாலையில் துணை விளக்கை அணைத்துவிடுங்கள்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே வண்டி வாங்கிய இடத்தில் அந்நிறுவனமே தரும் துணை விளக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். வேறு விளக்கு என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்தபிறகே பணத்தை எடுங்கள்.

அதற்கும் முன்பு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. இன்றைக்கே முகப்பு விளக்கின் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, கறுத்த பல்பை மாற்றி, வெளிச்சத்தின் சாய்வைச் சரிசெய்யுங்கள். நம்மில் பாதிப் பேருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். போதாதவர்கள் மேலே சொன்னபடி எடை போட்டு, கணக்குப் பார்த்துப் பூட்டட்டும். சரக்கு பத்திரமாக வரவேண்டும். அதைவிட, கொண்டு வருபவர் பத்திரமாக வரவேண்டும்.