சின்ன வண்டிக்குப் பெரிய எஞ்சின்: கொஞ்சம் கணக்கு

எங்க டவுன்ஷிப்பில் மெக்கானிக்கல் படிக்கிற ஒரு தம்பி கேட்டான்: "நடு எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய எஞ்சின் மாட்டினால் பின்பக்கம் கனம் கூடி வண்டி கெட்டுப்போயிடுமா சார்?" கேள்வி நல்ல கேள்வி. ஆனால் பிரச்சினை இருக்கிற இடம் வேற. அதைக் கணக்கு போட்டே பார்க்கலாம்.

நடு எஞ்சின் என்றால் எஞ்சின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இருப்பது. மாருதி ஆம்னியில் முன்சீட்டுக்கு அடியில் இருக்கே, அதுவும் ஒரு வகையில் அப்படித்தான். ஆனா அதை யாரும் ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்ல மாட்டாங்க. ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால் உட்காரும். கனமெல்லாம் நடுவில் இருப்பதால் வண்டி சட்டென்று திரும்பும்.

உலகத்தில் இந்த மாற்று வேலைக்குப் பேர்போனது டொயோட்டா எம்ஆர்2-வின் இரண்டாம் தலைமுறை (1989 முதல் 1999 வரை). அமெரிக்காவில் விற்ற சாதா மாடலில் 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், சுமார் 130 குதிரைசக்தி. கேம்ரியில் வந்த 3 லிட்டர் வி6 எஞ்சினை எடுத்து அதில் மாட்டுகிறார்கள். அது சுமார் 190 குதிரைசக்தி.

முதலில் எடை. வண்டி 1,200 கிலோ, அதில் 58 சதவீதம் பின் சக்கரங்களில் என்று வைத்துக்கொள்வோம். அதாவது பின்னால் 696 கிலோ. இரண்டு அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர். புது எஞ்சினால் 60 கிலோ கூடுகிறது, அது பின் அச்சுக்கு 0.3 மீட்டர் முன்னால் உட்காருகிறது. நெம்புகோல் கணக்குதான்: 60 × 0.3 ÷ 2.4 = 7.5 கிலோ முன் சக்கரத்துக்குப் போகும், மீதி 52.5 கிலோ பின்னால். இப்போ மொத்தம் 1,260, பின்னால் 748.5. சதவீதமாகப் பார்த்தால் 59.4. அதாவது ஒன்றரை சதவீதம்கூட மாறவில்லை. உண்மையில் அந்த வி6-இன் பிளாக் அலுமினியம்; டர்போ மாடலில் வந்த பழைய எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு. அதோடு ஒப்பிட்டால் 60 கிலோவே கூடாது. ஆக, எடையைப் பற்றிய பயம் பாதி வீண்.

அப்போ பிரச்சினை எங்கே? மூன்று இடத்தில்.

ஒன்று, வெப்பம். பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக, ஒரு பங்கு குளிர்நீர் வழியாக வெளியேறுகிறது. 130 குதிரைசக்தி என்றால் 97 கிலோவாட். முழு வேகத்தில் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும். 190 ஆனால் 142 கிலோவாட். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். நடுவில் நீளமான தண்ணிக்குழாய், அதில் காத்து அடைத்தால் போச்சு. இது போதாதென்று நம்ம ஊர் வெயில். குளிர்நீர் 95 டிகிரி, வெளியே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 75. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 என்றால் வித்தியாசம் 55 மட்டும். அதே ரேடியேட்டரின் திறன் கால் பங்குக்கும் மேல் காலி. கல்பாக்கத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெப்பத்தை உண்டாக்குவது சுலபம், வெளியே எடுப்பதுதான் பொறியியல்.

இரண்டு, கியர்பாக்ஸ். சாதா மாடலில் இருப்பது சிறிய எஞ்சினின் முறுக்கு விசைக்கு அளந்து செய்தது. டர்போ மாடலின் கியர்பாக்ஸ் வகைதான் வி6 கேம்ரியிலும் வந்தது என்பதால், அதையும் சேர்த்து மாற்றுவதுதான் வழக்கம். எஞ்சின் மட்டும் வாங்கினால் வேலை பாதியில் நிற்கும்.

மூன்று, பிரேக். இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. 1,260 கிலோ வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 486 கிலோஜூல். 140-இல் 953. வேகம் 40 சதவீதம் கூடினால் பிரேக் தாங்க வேண்டிய சூடு ஏறத்தாழ இரட்டிப்பு. இந்த எம்ஆர்2 வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுழற்றிவிடும் என்று பேர் வாங்கிய வண்டி. 90களின் தொடக்கத்தில் டொயோட்டாவே சஸ்பென்ஷனை மாற்றியது. மாமல்லபுரம் தாண்டி ஈசிஆரில் மாடும் டூவீலரும் குறுக்கே வரும் இடத்தில் இதை யோசித்துப் பாருங்க.

தமிழ்நாட்டில் இதைச் சரியாகச் செய்தவர்கள் உண்டு. கோவை எஸ். கரிவரதன் 1980களின் கடைசியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, ஓட்டுபவருக்குப் பின்னால் மாருதி 800 எஞ்சின் வைத்த ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி. நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அதில்தான். பின்னாளில் 1,300 சிசி சுசூகி எஞ்சினோடு எல்ஜிபி ஃபார்முலா வந்தது. பெரிய எஞ்சின் தனி வகுப்பாக, தனி விதிகளோடு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்க பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை 1985-இல் சிறிய உள்ளகத்தோடு இயங்கத் தொடங்கியது. வடிவமைப்புத் திறனான 40 மெகாவாட் வெப்பசக்தியை எட்டியது 2022-இல். படிப்படியாக ஏற்ற முடிந்ததற்குக் காரணம், குழாயும் பம்பும் முதலிலிருந்தே 40-க்கு அளந்து கட்டியவை. சின்ன காருக்கு அந்த இடைவெளியை யாரும் விட்டு வைப்பதில்லை. அதை நாமதான் உண்டாக்கணும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. வேற எஞ்சின் போட்ட வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எஞ்சின் எண்ணைத்தான்.

அதனால் தம்பிக்கு நான் சொன்ன வரிசை இது: முதலில் டயரும் பிரேக்கும், அப்புறம் ரேடியேட்டர், அப்புறம் கியர்பாக்ஸ், எஞ்சின் கடைசி. ஓட்டுற இடம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம், ஈசிஆர் இல்லை. இந்த வரிசைக்குக் காசு கட்டுபடியாகலையா? இருக்கிற வண்டியில் 60 கிலோ குறைக்கப் பாருங்க. வேகம் எடுப்பதும், வளைவதும், நிற்பதும் மூணுமே தேறும். எஞ்சினை மட்டும் பெரிசாக்கினால் முதலாவது மட்டும்தான் தேறும்.