பேட்டரி இல்லாமலும் பாடும் பெட்டி

1944. இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் பதுங்குகுழிக்குள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பாட்டுக் கேட்க ஒரு வழி கண்டார்கள். சவரம் செய்து தேய்ந்த பிளேடு, ஊக்கு, பென்சில் கரித்துண்டு, கட்டையில் சுற்றிய கம்பி, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். அவ்வளவுதான் ரேடியோ! பேட்டரி கிடையாது. ஆனாலும் ரோம் நகரத்து ஒலிபரப்பு அதில் கேட்டது.

அதற்கு மின்சாரம் கொடுத்தது ஒலிபரப்பு நிலையமேதான். நிலையத்தின் கோபுரத்திலிருந்து கிளம்பும் மின்காந்த அலை, வழியில் ஒரு கம்பியைக் கண்டால் அதிலுள்ள எலக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அந்த ஆட்டம்தான் மின்னோட்டம். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலை, ஏரியல் கம்பியில் வினாடிக்கு 9,36,000 முறை இப்படி ஆட்டுகிறது. அதில் பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது, நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால் கூடுதல்.

கம்பியில் திருச்சி மட்டுமா வந்து மோதுகிறது? ஊரில் உள்ள அத்தனை நிலையங்களும் ஒரே நேரத்தில் மோதுகின்றன. வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பது கம்பிச் சுருளும், மெக்கானிக்குகள் ‘கேங்’ என்று சொல்லும் கண்டன்சரும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால்தானே உயரும்? திருகைத் திருப்பும்போது இந்தச் சுற்றின் தாளம் மாறுகிறது. அதோடு ஒத்துப்போகிற நிலையம் மட்டும் ஓங்குகிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. முன்னும் பின்னும் சமமாக ஆடும் மின்னோட்டத்தால் ஹெட்போன் தகடு அசையாது. ஒரு பக்கத்து ஆட்டத்தை வெட்டிவிட்டால்தான் அலைமேல் ஏறி வந்த குரல் வெளிப்படும். அன்சியோவில் அதைச் செய்தது பிளேடும் கரித்துண்டும் தொட்ட இடம். இதே வேலையைச் செய்யும் கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை அலை உணரும் கருவியாகப் பயன்படுத்தி 1904-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ்.

ஆக, நிலையத்தைப் பிடிக்கப் பேட்டரி தேவையே இல்லை. காதோடு முடிகிற முணுமுணுப்பை வீடு முழுக்கக் கேட்கவைக்கத்தான் அது வேண்டும். பழைய வால்வு ரேடியோக்கள் இதற்காக நாற்பது, ஐம்பது வாட் வரை விழுங்கின. அதில் கணிசமான பகுதி வால்வுக்குள் இழையைச் சூடாக்கவே போனது. சுவிட்சைப் போட்டதும் பாடாமல் அரை நிமிடம் காக்கவைத்ததும் அதனால்தான். 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்வின் வேலையைச் செய்யும் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-இல் நான்கே டிரான்சிஸ்டர்களுடன் ‘ரீஜென்சி டிஆர்-1’ ரேடியோ சட்டைப்பைக்குள் வந்தது. இழையும் இல்லை, சூடும் இல்லை. நம் ஊரில் ரெண்டு பேட்டரிக் கட்டை போட்ட பெட்டி வாரக்கணக்கில் பாடியதன் ரகசியம் இதுவே.

கடைப்பெட்டிகளில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. 1918-இல் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய முறை அது. 936-ஐப் பிடிக்கும்போது பெட்டி தனக்குள்ளேயே 1,391 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கி, இரண்டையும் கலக்கிறது. வித்தியாசம் 455. எந்த நிலையத்தைத் திருப்பினாலும் இந்த 455 மாறாது; ஆகவே பெருக்கும் பகுதியை அந்த ஒரே எண்ணுக்குக் கச்சிதமாக அமைத்துவிடலாம்.

இனி ஏரியல். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். அதில் கால்பங்கு, முக்கால் மீட்டர் கம்பி இருந்தால் நன்றாக எடுக்கும். செல்போனில் எஃப்.எம். கேட்க ஹெட்போன் செருகச் சொல்வது அந்த ஒயரே ஏரியல் என்பதால்தான்.

திருச்சியின் 936 போன்ற மத்திய அலைக்கு இப்போது எதிரி தூரம் அல்ல. வீட்டுக்குள் இருக்கும் எல்.இ.டி. பல்பும் மலிவான சார்ஜரும். அவை கக்கும் இரைச்சலும் மின்காந்த அலைதான், பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. கரகரவென்றால் ரேடியோவைக் குறை சொல்லுமுன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பிறகு பெட்டியை மெல்லக் கால்வட்டம் திருப்புங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் தண்டின் நீளப் பக்கம் நிலையத்தைப் பார்த்தால் ஒலி தெளியும்.